கழுவிய மணல்

1953, மார்ச். பெண்கள் பள்ளி ஒன்றின் புதிய கட்டடத்துக்கான மணல் மாதிரி, துணிப்பையில் தைக்கப்பட்டு, ஒப்பந்தக்காரரால் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவரப்பட்டது.

1953, மார்ச், அடுத்த வாரம். மாதிரி சோதிக்கப்பட்டது. வண்டல் அனுமதித்த அளவுக்கு வெகு கீழே இருந்தது. ஆய்வுக்கூட அதிகாரி சான்றிதழில் கையெழுத்திட்டார்.

1954, ஜூன். கட்டடம் திறக்கப்பட்டது.

1957, அக்டோபர், வியாழக்கிழமை, முற்பகல். மூன்று நாள் மழைக்குப் பிறகு, முன்வாசலின் மேல் நீட்டியிருந்த கான்கிரீட் பலகை சுவரோடு சேரும் இடத்தில் முறிந்து விழுந்தது. கீழே நின்றிருந்தவர் ஒருவர். அப்பள்ளியின் கணித ஆசிரியை. வயது நாற்பத்தொன்று. அங்கேயே இறந்தார்.

1957, டிசம்பர். விசாரணை அறிக்கை. காரணம்: வடிகுழாய் அடைபட்டு மழைநீர் தேங்கியது. பொருள்களின் தரம்: சான்றிதழ் உள்ளது.

1958 ஜனவரி முதல் 1962 ஆகஸ்ட் வரை. அதே ஒப்பந்தக்காரரின் வேலைத்தலங்களில் பதினேழு முறை மணல் நிராகரிக்கப்பட்டது.

1962, செப்டம்பர். ஒப்பந்தக்காரரின் பெயர் அரசுக் கட்டுமான இலாகாவின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

மேலே எழுதியவை கோப்புகளில் இருப்பவை. கோப்புகளில் இல்லாதவற்றைச் சேர்க்கிறேன். கையெழுத்திட்ட அதிகாரி நான். கணித ஆசிரியை என் மனைவி. பதினேழு முறையும் நிராகரித்தவன் நான்.

எங்கள் குடும்பம் என் பாட்டனார் காலத்திலேயே மைசூர் அரசின் உத்தியோகத்துக்காகப் பெங்களூர் வந்து சேர்ந்தது. வீட்டில் தமிழும் வாசலில் கன்னடமும் பேசி வளர்ந்தேன். பொறியியல் முடித்து, மேற்படிப்பில் கட்டுமானப் பொருள்களைப் பற்றி ஆய்வுரை எழுதி, சுதந்திரம் வந்த ஆண்டில் இலாகாவின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். இரண்டு அறைகள், சல்லடைகள், தராசு, உலர்த்தும் அடுப்பு, வடக்கே பார்த்த ஒரு சன்னல். ஊர் அப்போது எல்லாத் திசையிலும் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. தொழிற்சாலைகள், ஊழியர் குடியிருப்புகள், பள்ளிகள், தண்ணீர்த் தொட்டிகள். அவற்றின் மணலும் ஜல்லியும் ஒரு கைப்பிடி அளவில் என் மேசைக்கு வந்து போயின.

கான்கிரீட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் சிமெண்டைப் பற்றியே பேசுவார்கள். சிமெண்டு மூட்டையில் முத்திரையோடு வருகிறது. அதில் கலப்படம் என்றால் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறார்கள். ஆனால் ஒரு பலகையின் உடம்பில் பெரும்பகுதி ஜல்லியும் மணலும்தான். சிமெண்டு அவற்றைப் பிடித்துக்கொள்ள மட்டுமே செய்கிறது. மணலில் களிமண் இருந்தால் அது ஒவ்வொரு ஜல்லியின் மேலும் மெல்லிய சட்டைபோல் படர்ந்துகொள்கிறது. சிமெண்டு ஜல்லியைப் பிடிப்பதில்லை, சட்டையைப் பிடிக்கிறது. வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. பூசி, சுண்ணாம்படித்து, திறப்புவிழாவுக்குத் தோரணம் கட்டிய பிறகு யாருக்கும் தெரியாது.

நல்ல மணலைக் கையில் இறுக்கினால் நறநறக்கும். கையை விரித்தால் உதிர்ந்துவிடும். உள்ளங்கையில் கறை இராது. இதற்கு ஆய்வுக்கூடம்கூடத் தேவையில்லை. மணலில் இருபது வருடம் கை வைத்த எந்த மேஸ்திரிக்கும் இது தெரியும். தெரிந்திருக்க வேண்டும். இந்த வாக்கியத்தை நான் பல வருடங்கள் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

மாதிரி எடுப்பதற்கு ஒரு விதி உண்டு. இலாகாவின் ஆள் வேலைத்தலத்துக்குப் போய், குவியலின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் தன் கையால் அள்ளி, கலந்து, முத்திரையிட்டுக் கொண்டுவர வேண்டும். விதி அச்சில் இருந்தது. வழக்கம் வேறாக இருந்தது. ஒப்பந்தக்காரரே ஒரு பை மணலைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார். நாங்கள் ரசீது கொடுப்போம். ஆள் குறைவு, ஜீப் ஒன்றுதான், வேலைத்தலங்கள் அதிகம் என்று இதற்குக் காரணங்கள் சொல்லப்பட்டன. எல்லாம் உண்மையான காரணங்கள்.

அந்தப் பள்ளிக்கு மட்டும் எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. என் மனைவி அங்கே வேலை பார்த்தாள். அதிகாரி தன் மனைவியின் பள்ளிக்கு அடிக்கடி போய் நிற்பது தகாது என்று நினைத்தேன். கட்டடத்தின் அஸ்திவாரம் தோண்டத் தொடங்கியது முதல் திறப்புவிழா முடிந்த பின்னும்கூட நான் அந்த வாசலை மிதிக்கவில்லை. அந்த ஒழுங்கில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவள் தினமும் அங்கே இருந்தாள். பழைய கட்டடத்தின் சன்னல் வழியாகப் புதிய கட்டடம் எழும்புவதைப் பார்த்துக்கொண்டு பாடம் நடத்தினாள். மாலையில் எனக்குச் செய்தி சொல்வாள். நீலசந்திராவிலிருந்து நடந்தே வரும் சித்தாள் பெண்கள் மதியம் மரத்தடியில் வெறும் சோற்றைப் பிசைந்து சாப்பிடுகிறார்கள் என்று ஒருநாள் சொன்னாள். மறுநாள் எங்கள் வீட்டு எலுமிச்சை ஊறுகாயை ஒரு கண்ணாடி ஜாடியில் கொண்டுபோனாள். வாயிலிருந்து அடிவரை ஒரே அகலமான, தேய்த்த கண்ணாடி மூடி போட்ட உயரமான ஜாடி. என் மாமியார் கொடுத்த சீரில் வந்தது. பிறகு அது வாரக்கணக்கில் பள்ளியிலேயே இருக்கும்; காலியானதும் வீட்டுக்கு வரும்.

"உங்க ஒப்பந்தக்காரர்கூட நேத்து ரெண்டு துண்டு வாங்கிண்டு போனார். தருமபுரிப் பக்கமாம். மேஸ்திரியா இருந்து மேல வந்தவராம்" என்றாள்.

"என் ஒப்பந்தக்காரர் இல்லை, இலாகாவோட ஒப்பந்தக்காரர்" என்றேன்.

"சரி, இலாகா ஊறுகாய்னே வெச்சுக்குங்கோ" என்று சிரித்தாள்.

அந்த ஒப்பந்தக்காரர் மார்ச் மாதம் ஒருநாள் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். அகலமான உடம்பு, சின்னக் குரல். வெள்ளைத் துணிப்பை ஒன்றை இரண்டு கையாலும் ஏந்தி மேசையில் வைத்தார். பையின் வாயைச் சிறுசிறு தையலாக யாரோ நேர்த்தியாகத் தைத்திருந்தார்கள்.

"நம்முது நல்ல மண்ணு சார். ஆனேக்கல் தாண்டி ஓடையில எடுத்தது. கைய வுட்டுப் பாருங்க."

பிரித்துக் கைவிட்டேன். நறநறத்தது. உள்ளங்கையில் ஒன்றும் ஒட்டவில்லை.

"குவியல் முழுக்க இதேதானா?" என்று கேட்டேன்.

"வேற எங்கேர்ந்து சார் கொண்டாரப் போறேன்? ஒரே ஓட, ஒரே மண்ணு."

அவர் சொன்னது பொய்யல்ல என்பதை ஒன்பது வருடம் கழித்தே அறிந்தேன். அடுத்த வாரம் சோதனை முடிந்து கையெழுத்திட்டேன்.

வியாழக்கிழமையைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். செய்தி வந்தபோது நான் ஜல்லி ஒன்றைச் சல்லடையில் ஆட்டிக்கொண்டிருந்தேன். போய்ச் சேர்ந்தபோது அவளை எடுத்துவிட்டிருந்தார்கள். மழை விட்டிருந்தது. அந்த வாசலுக்கு நான் முதன்முறையாக வந்திருந்தேன். உடைந்த பலகையின் ஓரத்தைப் பார்த்தேன். என் கண் அதைத்தான் பார்க்கப் பழகியிருந்தது. வேறு எதையும் பார்க்க எனக்கு அப்போது துணிவும் இல்லை. ஜல்லிகள் உடையவில்லை. நல்ல கருங்கல் ஜல்லி, நீலசந்திராப் பெண்கள் ஒவ்வொன்றாகக் கையால் உடைத்தது, நான்கு பக்கமும் கூராக, ஒரு குறையும் இல்லாதது. உடையாமல், பல் பிடுங்கிய ஈறுபோல வழவழப்பான குழிகளை விட்டுவிட்டுக் கழன்று விழுந்திருந்தன. ஒரு குழியில் விரலை வைத்தேன். விரல் சிவந்தது. செம்மண்.

என் மேசைக்கு வந்த மணலில் அது இல்லை. இருந்திருந்தால் என் குடுவையில், என் தராசில், என் சல்லடையில் தெரிந்திருக்கும். ஆகவே வந்த மணல் வேறு, போட்ட மணல் வேறு. எங்கோ நல்ல ஆற்று மணலை ஒரு பை வாங்கி எனக்குக் காட்டிவிட்டு, சேற்றை அள்ளிக் கூரையில் வைத்திருக்கிறான். அப்போது என் மனத்தில் ஒப்பந்தக்காரர் 'அவன்' ஆனார். முடிவுக்கு வர எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சான்று தேவைப்படாத ஒரே முடிவாக என் வாழ்க்கையில் அது இருந்தது.

விசாரணையில் அவரைக் கேட்டார்கள். கோப்பைத் திறந்து என் சான்றிதழை எடுத்து வைத்தார். "நம்ம சார் கையெழுத்துதாங்க" என்றார். கேலியில்லை, திமிரில்லை. கோவில் பிரசாதத்தைக் காட்டுவதுபோல் காட்டினார். விசாரணை செய்தவர் என்னைப் பார்த்தார். "கையெழுத்து என்னுடையது" என்றேன். "மாதிரி எடுத்தவர்" என்ற இடம் படிவத்தில் காலியாக இருந்தது. அதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மழைநீர் தேங்கியது என்று எழுதினார்கள். நான் தனியாக ஒரு கடிதம் எழுதி, அந்தக் கட்டடத்தின் மற்ற நீட்டல்களை எல்லாம் இடித்து வேறு மணலில் வார்க்கச் செய்தேன். அது ஒன்றுதான் அந்த மாதத்தில் நான் செய்த ஒழுங்கான காரியம்.

அதற்கு முன்பே, பதின்மூன்றாம் நாள் கழிந்து, ஒப்பந்தக்காரர் என் வீட்டுக்கு வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"டீச்சரம்மா கையால வாங்கித் துன்னவன் சார் நானு" என்றார். கண்ணைத் துடைத்தார்.

"பழத்தை எடுத்துக்கொண்டு போங்கள்" என்றேன். கதவைச் சாத்தவில்லை. அவர் தெருமுனை திரும்பும்வரை திறந்தே வைத்துக்கொண்டு நின்றேன். அவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். இரண்டு முறையும் நான் அங்கேயே இருந்தேன்.

ஜனவரியில் அந்த ஜாடியைக் கழுவினேன். பள்ளியிலிருந்து ஒரு பெட்டியில் அவளுடைய பொருள்களை அனுப்பியிருந்தார்கள்: கவராயம், சிவப்புப் பென்சில்கள், அடியில் இரண்டு எலுமிச்சைத் துண்டோடு அந்த ஜாடி. வண்டலைச் சோதிக்க வாய்முதல் அடிவரை ஒரே அகலமான கண்ணாடிப் பாத்திரம்தான் வேண்டும். இதைவிடப் பொருத்தமானது இலாகாவிலேயே இல்லை.

முறை எளிது. ஓர் அளவுக் கிண்ணம் மணல், அதன்மேல் உப்புப் போட்ட தண்ணீர். உப்பு களிமண்ணைச் சீக்கிரம் படியவைக்கும். மூடிக் குலுக்கி, சமதரையில் வைத்து, மூன்று மணிநேரம் தொடாமல் இருக்க வேண்டும். மணல் அடியிலும் சேறு அதன் மேலும் படியும். அனுமதித்த அளவு சேறுள்ள மணலை நானே தயாரித்து, அது எங்கே படிகிறதென்று பார்த்து, கண்ணாடியில் அரத்தால் ஒரு கோடு கிழித்தேன். சேற்றின் மேல்விளிம்பு கோட்டைத் தாண்டினால் மணல் தகுதியற்றது.

இனி மாதிரிகளை நானே எடுப்பேன் என்று மேலதிகாரிக்குக் குறிப்பு அனுப்பினேன். விதிப்படி நடக்க விரும்பும் அதிகாரியை யாரும் தடுக்க முடியாது. எல்லா ஒப்பந்தக்காரர்களின் வேலைத்தலங்களுக்கும் போனேன். கோப்பில் ஒருதலைப்பட்சம் தெரியக்கூடாது. ஆனால் அவருடைய இடங்களுக்கு மட்டும் முன்னறிவிப்பில்லாமல், லாரி வந்து இறங்கும் நேரத்துக்கே போனேன்.

முதல் இரண்டு வருடம் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. அவருடைய மணல் மெய்யாகவே மோசமாக இருந்தது. மூன்று மணிநேரம் கழித்து ஜாடியைக் கண் மட்டத்துக்கு உயர்த்துவேன். சேறு கோட்டுக்கு மேல் ஒரு விரற்கடை நிற்கும். படிவத்தை நிரப்பிக் கொடுப்பேன். முழு லோடையும் அப்புறப்படுத்தும் வரை அங்கேயே நிற்பேன். சித்தாள்கள் இரும்புச்சட்டியில் அள்ளிய மணலை மறுபடி அள்ளிச் சாலையோரம் கொட்டுவார்கள். அவர் குடையைக் கையில் மடக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பார்.

"சொல்ப பாத்துப் பண்ணுங்க சார். ஆனேக்கல்லேர்ந்து லாரி வருது" என்பார் அவருடைய மேஸ்திரி.

"எங்கிருந்து வந்தாலும் கோடு அங்கேயேதான் இருக்கும்" என்பேன்.

காத்திருக்கும் மூன்று மணிநேரம் யாருக்கும் வேலையில்லை. நான் ஒரு மடக்கு நாற்காலியில், ஜாடியின் பக்கத்தில், யாரும் தட்டிவிடாதபடி உட்கார்ந்திருப்பேன். சித்தாள்கள் கொஞ்சதூரத்தில் சும்மாட்டைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டு, எனக்குக் காது கேட்காது என்பதுபோல் பேசுவார்கள்.

"ஊறுகா சார் வந்துட்டாரு. உப்பு எடுத்தாந்தாரான்னு கேளுடி."

"மண்ணுல ஊறுகா போட்டா எத்தினி நேரத்துல ஊறும்?"

"மூணு மணி நேரம். அப்பாலிக்கு மேஸ்திரி கண்ணுல தண்ணி ஊறும்."

"இவுரு ஊட்டுல சோத்தையும் இப்டிதான் குலுக்கிப் பாத்து துன்னுவாரா?"

"அடிப்பாவி, சும்மா கெட. பொண்டாட்டி செத்தவரு."

 அதன்பின் பேச்சு வேறெதையோ பற்றித் தொடங்கும்.

1960இல் ஒரு மாற்றம் வந்தது. அவர் வேறு இடத்திலிருந்து மணல் எடுக்கத் தொடங்கினார். பிறகு வேலைத்தலத்திலேயே செங்கல்லால் தொட்டி கட்டி மணலைக் கழுவவும் தொடங்கினார். ஒருநாள் மூன்று மணிநேரம் கழித்து ஜாடியை உயர்த்தினேன். சேறு கோட்டுக்குக் கீழே இருந்தது. தெளிவாக, ஐயத்துக்கு இடமின்றிக் கீழே. நான் படிவத்தில் "தகுதி" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் கும்பிட்டார். அந்தக் கும்பிடு எனக்குத் தாங்கவில்லை. அவள் இல்லை, இவர் நல்ல மணலில் நல்ல வீடுகளைக் கட்டி, கும்பிட்டு, சோறு தின்று, தூங்கப்போகிறார். என்னுடைய கண்டிப்பு அவரை நல்ல ஒப்பந்தக்காரராக ஆக்கிக்கொண்டிருந்தது. நான் கேட்டது அதையல்ல.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜாடியை மடியில் வைத்து, முதல் கோட்டுக்குக் கீழே இரண்டு நெல்மணி அகலத்தில் இன்னொரு கோடு கிழித்தேன்.  கோடு மிக நேராக வந்தது. அன்றிலிருந்து மற்றவர்களுக்கு மேல்கோடு, அவருக்குக் கீழ்க்கோடு. பதினேழு நிராகரிப்புகளில் கடைசி ஆறு கீழ்க்கோட்டைச் சேர்ந்தவை. இதை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை.

கடைசியானது 1962 ஆகஸ்டில். ஆனேக்கல் போகும் சாலையில், அரசு ஊழியர் குடியிருப்பு. இன்னொரு நிராகரிப்பு வந்தால் அவர் பெயர் பட்டியலிலிருந்து நீங்கும் என்று எச்சரிக்கை அனுப்பப்பட்டிருந்தது. அந்தக் கடிதத்தின் நகலும் என் பையில் இருந்தது. காலை பத்து மணிக்கு ஜாடியைக் குலுக்கி வைத்தேன். பன்னிரண்டரைக்கே தெரிந்துவிட்டது: சேறு இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நிற்கப்போகிறது.

கழுவும் தொட்டியிலிருந்து சித்தாள் ஒருத்தி வந்து எனக்குச் சற்று எதிரே குந்தினாள். நாற்பது வயதிருக்கும். முழங்கை வரை ஈர மணல். அவளை நான் பல தலங்களில் பார்த்திருந்தேன், பேசியதில்லை. ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது டீச்சரம்மாவோட ஊறுகா ஜாடிதானே சார்?"

ஆம் என்று தலையசைத்தேன்.

"பாத்தவொடனே தெரிஞ்சிச்சு. நாலு வருசமா கேக்கணும்னு இருந்தேன். பயம்." கையிலிருந்த மணலைத் தட்டினாள். "இப்ப எல்லா மண்ணையும் கழுவுறோம் சார். இடுப்பு ஒடியுது. அன்னிக்கு ஸ்கூல் வேலையில ஒரே ஒரு பைதான் கழுவினேன்."

"எந்தப் பை?"

"உங்க ஆபீசுக்கு அனுப்பினாங்களே, அது. மூணு தண்ணி வுட்டு, அரிசி மாதிரி அலசி, பாய்ல காயவச்சி, நான்தான் தச்சேன்."

ஜாடியிலிருந்து கண்ணை எடுத்து அவள் கையைப் பார்த்தேன். பிறகு, "யார் கழுவச் சொன்னார்? அவரா?" என்றேன்.

"அவுருக்குத் தெரியவே தெரியாது சார். தச்ச பைய எடுத்துக்கினு போனாரு, அவ்ளோதான். யாரும் சொல்லல." என் கேள்வியே அவளுக்கு வியப்பாக இருந்தது. "டீச்சரம்மா ஊட்டுக்காரரு கையால தொடப்போற மண்ணு. செம்மண்ணும் கலீஜுமா அனுப்புவாங்களா? அந்தம்மா எங்களுக்கு அவ்ளோ பண்ணாங்க. எங்களால ஆனது அதான்."

"மற்ற மணல்?"

"அத்தக் கழுவ யாரு தண்ணி குடுத்தா அப்ப? அப்டியே போட்டோம்."

மேஸ்திரி கூப்பிட்டார். அவள் எழுந்து போனாள். அவள் சொன்னதன் பொருள் அவளுக்குத் தெரியாது. பலகை மழையால் விழுந்தது என்றுதான் அவளுக்கும் ஊருக்கும் தெரியும்.

ஒரு மணிவரை உட்கார்ந்திருந்தேன். கணக்குப் போல ஒவ்வொரு வரியாகப் போட்டுப் பார்த்தேன். ஒரே ஓடை, ஒரே மணல். அவர் ஏமாற்றவில்லை, தன் மணலுக்கு நான் நற்சாட்சி கொடுத்தேன் என்று நம்பினார். நம்பியதை வார்த்தார். நான் ஒருமுறை, ஒரே ஒருமுறை, அந்தப் பள்ளிவாசலுக்குப் போய்க் குவியலில் கைவிட்டிருந்தால் என் உள்ளங்கை சிவந்திருக்கும். அவரைக் குற்றமற்றவர் என்று நான் சொல்லவில்லை. தன் கையில் ஒட்டிய செம்மண்ணைப் பார்த்தும் என் காகிதத்தை நம்பியது அவருடைய குற்றம். பல்லுக்கிடையில் வைத்திருந்த வாக்கியத்தை நான் முழுவதும் துப்பிவிடவில்லை. ஆனால் கடன் தீர்க்கப்படவேண்டிய வரிசையில் அவர் முதலாவதாக இல்லை.

ஜாடியைக் கண் மட்டத்துக்கு உயர்த்தினேன். சேறு இரண்டு கோடுகளுக்கும் சரியாக நடுவில் நின்றது. சட்டப்படி நல்ல மணல். படிவத்தை எடுத்தேன். குற்றத்தை ஏற்றிவைக்க அதில் ஒப்பந்தக்காரர் பெயருக்கு மட்டுமே இடம் இருந்தது. எழுதினேன்: "தகுதியற்றது."

தெரிந்தே எழுதினேன். அரைமணி நேரம் முன்னால் எழுதியிருந்தால் அது தவறான நம்பிக்கை. இப்போது அதற்கு அந்தப் பெயரும் இல்லை. ஐந்து வருடம் ஒருவரை வெறுத்துவிட்டு, அந்த வெறுப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு, என்னிடமே, திரும்பிவர என்னால் முடியவில்லை. அங்கேயே இறக்கிவைத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பரில், உத்தரவு போன சில நாளில், அவர் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். தலைப்பாகை கக்கத்தில். உட்காரச் சொன்னேன், நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஐந்து வருடமாக அதற்காகத்தான் காத்திருந்தேன். அவர் ஒருமுறை கத்தியிருந்தால், ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால், என்னிடமும் சொல்வதற்கு இருந்தது.

"ஊருக்குப் போறேன் சார். மிஷினு, சென்ட்ரிங் பலகை எல்லாம் குடுத்தாச்சு" என்றார். "ஒண்ணே ஒண்ணு. அந்த ஜாடிய ஒருவாட்டி கையில வாங்கிப் பாக்கட்டுமா?"

சன்னலோரம் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினார். "அம்மாவுதுதான்" என்றார் தனக்குள். பிறகு கட்டைவிரலால் கண்ணாடியை மேலிருந்து கீழாகத் தடவினார். விரல் ஓரிடத்தில் நின்றது. நகர்ந்தது. மறுபடி நின்றது. சிமெண்டில் தேய்ந்த விரல், ஆனால் நின்றது.

"ரெண்டு கோடு இருக்குது" என்றார்.

நான் மேசையிலிருந்த படிவங்களை நேராக அடுக்கினேன்.

"எது என்னுது சார்?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நொடியில் எனக்குப் பத்துப் பொய்கள் தோன்றின. எல்லாம் தொழில்நுட்ப ரீதியாக ஏற்கத்தக்கவை. விரலை நீட்டிக் கீழ்க்கோட்டைக் காட்டினேன்.

அவர் அதை நெடுநேரம் பார்த்தார். "செரி" என்றார். ஜாடியை இரண்டு கையாலும் ஏந்தி, பையைக் கொண்டுவந்த நாளில் வைத்ததைப் போலவே, மேசையில் வைத்தார். தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு போனார். மேலதிகாரியின் அறை அதே தாழ்வாரத்தில், மூன்றாவது கதவு. அங்கே அவர் போகவில்லை. போகமாட்டாரா என்று வாசலில் நின்று பார்த்தேன். இந்த முறை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

என்னைத் தண்டிக்க ஊரில் ஒருவருக்குத்தான் உரிமை இருந்தது. அவரும் அதைச் செய்யாமல் பஸ் ஏறிவிட்டார். அதற்காகவும் நான் அவரை மன்னிக்கவில்லை.

சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். மேசையைக் காலி செய்தபோது எடுத்துவந்தவை ஜாடியும், விழுந்த பலகையிலிருந்து அன்றே எடுத்துவைத்த ஒரு துண்டும். துண்டை அழுத்தினால் இன்னும் விரலில் சிவப்பு ஒட்டுகிறது. செய்யாமல் நிற்பவை:

1962 ஆகஸ்ட் படிவத்தையும், அதற்கு முந்தைய ஐந்தையும் திருத்தி இலாகாவுக்கு எழுதுவது.

1953 படிவத்தில் "மாதிரி எடுத்தவர்" என்ற காலி இடத்தில் "யாரும் இல்லை" என்று எழுதி என் பெயரைக் கீழே போடுவது.

தருமபுரி விலாசத்தை மேஸ்திரியிடம் வாங்கியாயிற்று. "ஐயா அவர்களுக்கு" என்று தொடங்கிய கடிதத்துக்கு இரண்டாவது வரி.

நீலசந்திராவுக்குப் போய் அந்தப் பெண்ணைப் பார்ப்பது. என்ன சொல்வது, எதைச் சொல்லாமலே விடுவது என்று முதலில் முடிவு செய்வது.

பள்ளியின் புதிய வாசல் பலகையின் கீழே ஒருமுறை நிற்பது.

கீழ்க்கோட்டைத் தேய்த்து அழிப்பது. கண்ணாடியில் கிழித்தது, ஜாடி உடையாமல் முடியுமா என்று தெரியவில்லை.